ஜிப்ஸி புஷ்ஷில் ஒரு தொழில்: பாகத்தைத் தேர்வதிலிருந்து முதல் 150 செட் வரை

பழைய மாருதி ஜிப்ஸியின் நான்கு லீஃப் ஸ்பிரிங்கிலும் (இரும்புப் பட்டை ஸ்பிரிங்) புஷ், அதாவது ஸ்பிரிங் கண்ணுக்கும் பின்னுக்கும் நடுவே உட்காரும் ரப்பர் உருளை மாற்ற, நல்ல மெக்கானிக்குக்கே ஒரு முழு நாள் பிடிக்கும். ஸ்பிரிங்கின் ஒரு முனையை சேஸோடு இணைக்கும் ஆடும் இணைப்பான ஷாக்கிளின் பின் துருவேறி உள்ளே இறுகியிருந்தால் இரண்டு நாள். இவ்வளவு பாடுபட்டு மாட்டிய ரப்பர் ஆறு மாதத்தில் நசுங்கிப்போனால், வண்டிக்காரருக்கு நஷ்டம் புஷ்ஷின் விலை இல்லை. அதே கூலியை மறுபடி எண்ணி வைக்க வேண்டுமே, அதுதான் வலி. சின்னப் பாகம் செய்து பிழைக்க நினைப்பவருக்கு இடம் இருப்பது இங்கேதான். பாகம் மலிவு, மாட்டும் வேலை பெரிது, கடையில் கிடைப்பது சுமார் ரகம்: இந்த மூன்றும் ஒரே பாகத்தில் சேர்ந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

கார் பைத்தியம் உள்ளவர்கள் பெரும்பாலும் தப்பான இடத்தில் தொடங்குவார்கள். அலாய் வீல், எக்ஸாஸ்ட், பம்பர் என்று கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதைச் செய்யத்தான் கை பரபரக்கும். அங்கே போட்டி அதிகம், முதலீடு அதிகம், வண்டியின் வடிவத்தை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின் சிக்கல் வேறு. பிரேக், ஸ்டீயரிங், பெட்ரோல் லைன் பக்கம் முதல் ஐந்து வருடம் போகவே வேண்டாம். அங்கே பல பாகங்களுக்கு அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடத்தின் சான்று கட்டாயம். தவறினால் போவது உயிர்.

ஜிப்ஸியை இங்கே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1985-இல் வந்த வண்டி, 1996-இல் 1.3 லிட்டர் எஞ்சினுடன் ‘ஜிப்ஸி கிங்’ ஆனது, 2019 வாக்கில் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. ராணுவ ஏலத்தில் எடுத்தவை, எஸ்டேட் வண்டிகள், ராலி வண்டிகள், காடுமேடு ஏறுபவர்களின் வண்டிகள் என்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பதினைந்து வருடம் ஆன காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025-இல் 10,000 ஆனது. அதையும் கட்டி வண்டியை வைத்திருப்பவர் புஷ்ஷுக்குக் கஞ்சத்தனம் பார்க்க மாட்டார்.

எத்தனை பேர் வாங்குவார்கள்?

“இப்படி ஒரு செட் செய்தால் வாங்குவீர்களா?” என்று யாரையும் கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஜிப்ஸி வேலை பார்க்கும் பத்து பட்டறைக்குப் போய், “போன மூணு மாசத்துல எத்தனை வண்டிக்கு புஷ் மாத்துனீங்க? என்ன பிராண்டு? எவ்வளவு நாள் தாங்குச்சு?” என்று கேளுங்கள். கழற்றிப் போட்ட பழைய புஷ்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பையிலும் வண்டி மாடல், ஓடிய கிலோமீட்டர், ஊர் எழுதி வையுங்கள். நாற்பது பை சேர்ந்தால் எது எங்கே கிழிகிறது என்று தெரிந்துவிடும். பின் உராயும் உள்பக்கம் தேய்ந்திருக்கிறதா, விளிம்பு பிதுங்கிக் கிழிந்திருக்கிறதா, எண்ணெய் பட்டு ஊதியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

பத்துப் பட்டறையும் சேர்ந்து மாதம் பத்து வண்டிக்குக் குறைவாகச் சொன்னால் அந்தப் பாகத்தை விட்டுவிடுங்கள். எவ்வளவு ஆசை இருந்தாலும் சரி.

ரப்பரா, பாலியூரித்தேனா?

அதிர்வை விழுங்குவதில் பாலியூரித்தேனைவிட இயற்கை ரப்பர் மேல். ஆனால் ரப்பர் மோல்டிங் என்றால் 150 டிகிரி சூட்டில் அழுத்தும் ஹைட்ராலிக் பிரஸ், ஸ்டீல் டை (அச்சு), ரப்பர் காம்பவுண்ட் கலக்கும் மில் எல்லாம் வேண்டும். எல்லாவற்றையும் வெளியே கூலிக்குச் செய்துதரும் ஜாப் ஒர்க்காகக் கொடுக்கலாம். கொடுத்தால் ஐம்பது செட்டுக்காக எந்த மில்காரரும் உங்களுக்கென்று தனி காம்பவுண்ட் போட மாட்டார். இருப்பதை ஊற்றிக் கொடுப்பார்.

பாலியூரித்தேனை அச்சில் ஊற்றி வார்க்கலாம். அழுத்தம் தேவையில்லை, அலுமினிய டை போதும். தெர்மோஸ்டாட் வைத்த ஹாட் ஏர் ஓவன், வேக்யூம் சேம்பர், 0.1 கிராம் காட்டும் தராசு, டிரில்லிங் மெஷினில் மாட்டும் கலக்கி, கடினத்தை அளக்கும் ஷோர் ஏ மீட்டர் இருந்தால் ஒரு சின்ன ஷெட்டில் தொடங்கிவிடலாம். சின்ன எண்ணிக்கைக்கு இதுதான் வழி.

வாங்கும்போது பாலியீதர் வகையா, பாலியெஸ்டர் வகையா என்று கேளுங்கள். பாலியெஸ்டர் விலை குறைவு, எண்ணெயைத் தாங்கும், உராய்வையும் தாங்கும். ஆனால் ஈரத்தில் வருடக்கணக்கில் இருந்தால் சிதைந்து உதிரும். ஆற்றில் இறங்கும் வண்டிக்கு பாலியீதர்தான். சப்ளையர் “ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்றால் வேறு சப்ளையரைப் பாருங்கள்.

கடினம் ஷோர் ஏ 80 முதல் 85 வரை போதும். 95-இல் வார்த்தால் கையில் பார்க்க உறுதியாகத் தெரியும். வண்டியில் போட்டால் ஸ்பிரிங் முறுக்கிக்கொள்ள வழியில்லாமல் ஷாக்கிள் பிளேட்டும் சேஸ் பிராக்கெட்டும் அடி வாங்கும். ராலி ஓட்டுபவர்கள் கேட்பார்கள். அவர்களுக்குத் தனி நிறத்தில் கொடுங்கள், பொது செட்டில் கலக்க வேண்டாம்.

அளவு எடுத்தல்

பழைய புஷ்ஷை அளந்து அப்படியே நகல் எடுப்பது முதல் தவறு. அது ஏற்கனவே நசுங்கியது. புஷ் உட்காரும் இடத்தை அளக்க வேண்டும்: ஸ்பிரிங் கண்ணின் உள்விட்டம், பின்னின் வெளிவிட்டம், கண்ணின் அகலம், ஷாக்கிள் பிளேட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் மூன்று இடம்: சேஸில் நிலையாக மாட்டும் கண், ஷாக்கிளின் கீழ், ஷாக்கிளின் மேல். நான்கு ஸ்பிரிங்குக்குப் பன்னிரண்டு இடம். இரண்டு பாதியாகச் செருகும் புஷ் என்றால் மொத்தம் 24 பீஸ்.

குறைந்தது எட்டு வண்டியில் அளங்கள். கம்பெனி ஸ்பிரிங்கும், பட்டறையில் பட்டை வளைத்துச் செய்த உள்ளூர் ஸ்பிரிங்கும் கலந்து கிடக்கும். உள்ளூர் கண் வட்டமாகவே இருக்காது. குறுக்கும் நெடுக்கும் இரண்டு அளவு எடுத்து, பெரியதையும் சிறியதையும் எழுதுங்கள். பெரிய கண்ணில் ஆடாமலும், சிறிய கண்ணில் சோப்புத் தண்ணீர் தடவி வைஸில் அழுத்தினால் உள்ளே போகிற மாதிரியும் வெளிவிட்டம் அமைய வேண்டும். ஒரே அளவில் இரண்டும் சரிவரவில்லை என்றால் கம்பெனி ஸ்பிரிங்குக்கு மட்டும் செய்யுங்கள். பெட்டியிலும் அப்படியே அச்சடியுங்கள்.

உள்ளே இரும்பு சிலீவ் வைக்கும் வகையானால், புஷ்ஷின் மொத்த நீளத்தைவிட சிலீவ் 0.3 முதல் 0.5 மி.மீ. நீண்டிருக்க வேண்டும். போல்ட்டின் இறுக்கம் சிலீவில் விழ வேண்டும், புஷ்ஷில் அல்ல. குட்டையாக வெட்டிய சிலீவ்தான் “போட்ட மறுநாளே கீச் கீச்னு சத்தம்” என்ற புகார்கள் பலவற்றுக்குக் காரணம்.

டையும் வார்ப்பும்

வார்த்த பாலியூரித்தேன் ஆறும்போது ஒன்றரை சதவீதம் போலச் சுருங்கும். 30 மி.மீ. பீஸ் வேண்டுமென்றால் டையில் ஏறக்குறைய 30.5 வேண்டும். சரியான சுருக்கம் உங்கள் சரக்கு, உங்கள் சூட்டைப் பொறுத்தது. அதனால் முதலில் ஒரே ஒரு கேவிட்டி (வார்க்கும் குழி) உள்ள டை போட்டு இருபது பீஸ் வார்த்து அளந்த பிறகே 12 கேவிட்டி டைக்குப் பணம் கட்டுங்கள். கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் இந்த அளவு அலுமினிய வேலைக்கு சிஎன்சி பட்டறைகள் நிறைய. டிராயிங்கில் டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடக்குறைய இருக்கலாம்) எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் வாயால்தான் சண்டையும் போட முடியும்.

கலவைக் கணக்கு எளிது, ஆனால் இதில்தான் சரக்கு பாழாகும். பிரீபாலிமர் (பாலியூரித்தேனின் அரைகுறையாக வினை முடிந்த மூலச் சரக்கு) டிரம்மில் ‘என்சிஓ சதவீதம்’ என்று ஒரு எண் இருக்கும், அதில் வினைக்குக் காத்திருக்கும் ஐசோசயனேட்டின் அளவு. அதை 42-ஆல் வகுத்து, கியூரேட்டிவ் (பிரீபாலிமரை இறுக வைக்கும் ரசாயனம்) மோக்கா என்றால் 133.5-ஆல் பெருக்கி, மறுபடி 0.95-ஆல் பெருக்கினால் 100 கிராம் பிரீபாலிமருக்கு எத்தனை கிராம் என்று வரும். 3.2 சதவீதம் என்றால் 9.7 கிராம். பன்னிரண்டு பீஸுக்கு 570 கிராம் பிரீபாலிமர் எடுத்தால் 55 கிராம் கியூரேட்டிவ். டிரம் மாறினால் எண்ணும் மாறும். போன டிரம் கணக்கை இதற்குப் போடாதீர்கள்.

பிரீபாலிமரை 80 டிகிரிக்குச் சூடாக்கி வேக்யூமில் வையுங்கள். நுரைத்துப் பொங்கும், அடங்கும்வரை பொறுமை. மோக்காவைத் தனியாக 110–115 டிகிரியில் உருக்கி ஊற்றி, ஒன்றரை நிமிடம் பாத்திரத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்குங்கள். மீண்டும் சிறிது வேக்யூம். 100 டிகிரியில் தயாராக இருக்கும் டையில், ஒட்டாமலிருக்க ரிலீஸ் ஏஜென்ட் அடித்து, ஒரு மூலையிலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். எல்லாம் சேர்த்துக் கையில் பத்து நிமிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான நேரம் டேட்டா ஷீட்டில் இருக்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் டையிலிருந்து எடுக்கலாம். அதன்பின் 100 டிகிரி ஓவனில் 16 மணி நேரம். வெளியே எடுத்து ஒரு வாரம் அலமாரியில் கிடந்தால்தான் முழு பலம் வரும்.

அந்தப் 16 மணி நேரத்தை மின்சாரம் மிச்சம் பிடிக்க எட்டாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். மீட்டரில் கடினம் சரியாகவே காட்டும். வண்டியில் இரண்டு மாதத்தில் புஷ் முட்டை வடிவம் ஆகும்.

மோக்கா புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது. தோல் வழியாகவும் உடலில் ஏறும். புகைபோக்கி ஃபேன், நைட்ரைல் கையுறை, தனி உடுப்பு இல்லாமல் உருக்காதீர்கள். வீட்டுச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. எம்டிஐ எனும் ஐசோசயனேட் வகை பிரீபாலிமரும், மோக்காவுக்குப் பதில் பியூட்டேன்டையால் எனும் கியூரேட்டிவும் சேர்ந்த முறை இந்த ஆபத்தைத் தவிர்க்கும். சூடு, ஈரம், கலவை மூன்றிலும் கொஞ்சம் கூடுதல் கவனம் கேட்கும், அவ்வளவுதான். ஆள் வைத்து வேலை வாங்கப் போகிறவர் இதிலேயே தொடங்குவது நல்லது.

பீஸ் கெடும் விதங்கள் இவை. உள்ளே குமிழ் என்றால் ஈரம்: ஐசோசயனேட்டும் தண்ணீரும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். ஐப்பசி, கார்த்திகையில் ரிஜெக்ஷன் ஏறுவது இதனால்தான். திறந்த டின்னில் வறண்ட நைட்ரஜன் ஊதி மூடுங்கள். நிறப் பேஸ்ட்டிலும் ஈரம் இருக்கும். ஓரிடம் மட்டும் பிசுபிசு என்றால் பாத்திர ஓரத்தில் கலங்காமல் ஒட்டியிருந்ததை வழித்து ஊற்றியிருக்கிறீர்கள். கடைசித் துளியை விட்டுவிடுங்கள். வெள்ளைப் புள்ளிகள் என்றால் மோக்கா ஆறிப் படிகமாகியிருக்கிறது. டையிலிருந்து எடுக்கும்போது பாலாடைக்கட்டி மாதிரி உடைந்தால், அவசரப்பட்டு எடுத்திருக்கிறீர்கள். நிறம் போடாமல் விற்றால் வெயில் பட்டு மஞ்சளாகும். தரத்தில் குறை இல்லை, ஆனால் வாடிக்கையாளரிடம் அதை விளக்கவே ஒரு ஆள் வேண்டும். கறுப்பே போடுங்கள்.

சோதனை

ஒவ்வொரு பேட்ச்சிலும் மூன்று பீஸ், ஒவ்வொன்றிலும் மூன்று இடத்தில் கடினம் பாருங்கள். வித்தியாசம் 3-ஐத் தாண்டினால் அந்தப் பேட்ச் முழுவதும் வேஸ்ட். இரண்டு இரும்புப் பிளேட்டுக்கு நடுவே பீஸை 25 சதவீதம் நசுக்கி, 70 டிகிரியில் 22 மணி நேரம் வைத்து, எடுத்து அரை மணி கழித்து எவ்வளவு திரும்பியது என்று அளங்கள். ஏஎஸ்டிஎம் டி395 எனும் ரப்பர் சோதனைத் தரநிலையில் உள்ள முறை இது. ஓவன் இருந்தால் நீங்களே செய்யலாம். சான்றிதழ் வேண்டும்போது மட்டும் கோவை சிட்டார்க் போன்ற சோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

பிறகு ஆறு வண்டியில் இலவசமாக மாட்டுங்கள். மலைப்பாதையில் ஒன்று, கடற்கரை ஊரில் ஒன்று, சேற்றில் போகிற ஒன்று என்று கலந்திருக்கட்டும். மாட்டும் கூலியையும் நீங்களே கொடுங்கள், ஏனென்றால் 5,000 கிலோமீட்டர் கழித்துக் கழற்றிப் பார்க்கும் உரிமை உங்களுக்கு வேண்டும். ஒரு மழைக்காலம் தாண்டாமல் விற்பனைக்கு வராதீர்கள்.

விலை

எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் ஊர் விலையை நிரப்பிக்கொள்ளுங்கள். பீஸ் 45 கிராம் என்றால் 24 பீஸ் 1,080 கிராம்; பாத்திரத்தில் ஒட்டுவது, பிசிறு எல்லாம் சேர்த்து 1.25 கிலோ. கிலோ 600 ரூபாய் என்றால் 750. மின்சாரம், கிரீஸ், பெட்டி 250. ஆள் கூலி 350. இதில் எட்டு சதவீதம் ரிஜெக்ஷன், கிட்டத்தட்ட 110. டை 60,000 ரூபாய். இதை ஆயிரம் செட்டால் வகுத்தால் அறுபது ரூபாய் என்று அழகாகத் தெரியும். அந்த ஆயிரம் பேர் எங்கே? முதல் 150 செட்டிலேயே டை பணம் திரும்ப வேண்டும்: செட்டுக்கு 400. மாற்றிக் கொடுக்கும் செலவுக்கு 90. ஆக 1,950.

வரிக்கு முன் 3,500-க்கு விற்று, கடைக்கு 25 சதவீதம் விட்டால் கையில் 2,625. செலவு 1,950, கூரியர் 150 போனால் மீதி 525. இதைக் குறைத்து, கடையில் கிடைக்கும் மலிவு ரப்பரோடு போட்டி போட நினைக்காதீர்கள். உங்கள் போட்டி மறுபடி கழற்றி மாட்டும் கூலியோடு. மெக்கானிக்கிடமும் அந்தக் கணக்கையே பேசுங்கள்.

காகித வேலை

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம். ஜிஎஸ்டி, சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை வேண்டாம் என்பார்கள். ஆனால் வெளிமாநிலத்துக்கு ஒரு பெட்டி அனுப்பினாலும் பதிவு கட்டாயம், உங்களுக்குப் பாதி வாடிக்கையாளர் வெளிமாநிலம்தான். வாகன உதிரிபாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். பிஎம்இஜிபி எனும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கடன் மானியம் வேண்டுமென்றால் தொழில் தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் யூனிட்டைப் புதிது என்று காட்ட முடியாது. உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரையிலான திட்டம், கிராமப்புறத்தில் பொதுப் பிரிவுக்கு 25 சதவீத மானியம். ரசாயனம் கையாள்வதால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் எந்த வகையில் வருகிறீர்கள் என்று ஷெட் பிடிக்கும் முன்பே கேளுங்கள்.

பெட்டியில் “மாருதி ஜிப்ஸிக்குப் பொருந்தும்” என்று எழுதலாம். 1999-ஆம் வருட வணிகச் சின்னச் சட்டம் 30-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. கம்பெனி லோகோவைப் போடுவதும், அவர்கள் பெட்டி மாதிரியே பெட்டி அடிப்பதும் வேறு கதை, வழக்கு வரும்.

விற்பது

மெக்கானிக் உங்கள் பாகத்தைக் கெடுக்கவும் முடியும், காப்பாற்றவும் முடியும். ஷாக்கிள் நட்டைப் பழக்கதோஷத்தில் முழு பலத்தோடு முறுக்கினால் இரண்டு பிளேட்டும் புஷ்ஷின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும், ஸ்பிரிங் அசையாது. வண்டிக்காரர் ஓட்டிப் பார்த்துவிட்டு “புஷ் கல்லு மாதிரி இருக்கு” என்பார். அதனால் ஒவ்வொரு பெட்டியிலும் படம் போட்ட ஒரு பக்கத் தாள் வையுங்கள்: பின்னில் துருவை எமரி போட்டு எடுக்க வேண்டும், உள்ளே சிலிக்கோன் கிரீஸ் தடவ வேண்டும், வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம். கிரீஸ் பாக்கெட்டையும் உள்ளேயே போடுங்கள். வாங்கிக்கொள்ளச் சொன்னால் சேஸ் கிரீஸைத் தடவிவிட்டுச் சத்தம் வருகிறது என்பார்கள்.

பீஸில் பேட்ச் எண் விழும்படி டையிலேயே எழுத்து மாற்றும் இடம் விடுங்கள். புகார் வந்தால் எந்த நாள் வார்த்தது, யார் கலக்கியது என்று தெரிய வேண்டும். பேட்ச்சுக்கு இரண்டு பீஸ் எடுத்து வையுங்கள்.

சென்னை ஜி.பி. ரோடு மாதிரி மொத்தக் கடைகள் 60, 90 நாள் கடன் கேட்கும். குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி என்று சட்டம் இருக்கிறது. கடைக்காரரிடம் அதைக் காட்டினால் அடுத்த ஆர்டர் வராது என்பதும் இருக்கிறது. முதல் 150 செட்டையும் பட்டறைகளுக்கும் நேரடி வாடிக்கையாளருக்கும் ரொக்கத்துக்கே விற்றுவிடுங்கள். கடை அதற்குப் பிறகு, அதுவும் ஊருக்கு ஒன்று.

அடுத்த பாகம் என்ன என்பதில் பலர் தடுமாறுவார்கள். அதே புஷ்ஷை வேறு வண்டிக்குச் செய்தால் புது டை, புது மெக்கானிக், புது வாடிக்கையாளர் என்று பூஜ்யத்திலிருந்து நடக்க வேண்டும். அதே ஜிப்ஸிக்கு பாடி மவுண்ட் புஷ் (பாடியை சேஸில் உட்கார வைப்பது), பம்ப் ஸ்டாப் (ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது அடியைத் தாங்குவது) செய்தால் டை மட்டும்தான் புதிது. உங்கள் வாட்ஸ்அப்பில் இருக்கும் அதே 150 பேர் வாங்குவார்கள். எஞ்சின் மவுண்டை மட்டும் பாலியூரித்தேனில் செய்யாதீர்கள், ஐடிலிங்கில் வண்டியே நடுங்கும். அதை இரும்போடு ரப்பர் ஒட்டும் வேலை தெரிந்தவரிடம் ஜாப் ஒர்க் கொடுங்கள்.

ஏற்றுமதி ஆசை இருந்தால், இந்தக் குடும்பத்து சுசுகி அமெரிக்காவில் சாமுராய், ஆஸ்திரேலியாவில் சியரா என்ற பெயரில் ஓடியது. ஏற்றுமதிக்கு வேண்டிய ஐஇசி எண் எடுக்க 500 ரூபாய்தான். ஆனால் ஜிப்ஸி நீள வீல்பேஸ் (முன்பின் சக்கர இடைவெளி) வண்டி, அளவு அப்படியே பொருந்தும் என்று நம்ப முடியாது. ஸ்பிரிங் கண், பின் அளவை அந்த ஊர் வண்டியில் ஒருவரை அளந்து அனுப்பச் சொல்லி, இரண்டு செட் சாம்பிள் அனுப்பி, மாட்டிய போட்டோ வந்த பிறகு ஆர்டர் எடுங்கள். அமெரிக்கா என்றால் அதற்கு முன் பொருள் பொறுப்புக் காப்பீட்டின் (உங்கள் பாகத்தால் சேதம் வந்தால் ஈடு தருவது) பிரீமியம் எவ்வளவு என்று கேட்டு, விலையில் ஏற்றிவிடுங்கள்.